மருதையாற்று மணலில் நீ வரைந்த கடல்

மாப்பிள்ளை,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் ஒரு லாரி மணல் கொட்டினார்கள். மாடி எடுக்கிறார்களாம். "மருதையாத்து மணலுங்க, சலிக்கவே வேணாம்" என்று லாரிக்காரன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்து விற்கிற எதையும் நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவன் போன பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். ஆற்று மணல்தான். பாவம், அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஈர மணலின் வாசனை மூக்கில் ஏறியதும் எதிர்வீடு, தெரு எல்லாம் மறைந்து போனது. குனிந்து உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைக்கிற உன் முதுகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில், அரியலூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டியிலிருந்து நீ இறங்கினாய். கையில் ஒரு துணிப்பை. நான் அப்போது அங்கே பார்சல் கிளார்க். மூன்றரை வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பெட்டி எங்கடா?"

"பம்பாய்ல வண்டி மாறறப்ப தொலைஞ்சு போச்சு மச்சான். பேப்பரு, மெடலு எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

பெட்டி தொலைந்துவிட்டது என்று வந்து நிற்கிறவர்களைப் பார்ப்பதே எனக்குப் பிழைப்பு. பத்துப் பேரில் ஆறு பேர் பெட்டியே கொண்டுவந்திருக்க மாட்டார்கள். சீட்டில் துணி என்று எழுதியிருக்கும், தூக்கிப் பார்த்தால் கருவாட்டின் கனம் இருக்கும். அப்படி எடைபோட்டுப் பழகிய கைக்கு உன் துணிப்பை ரொம்ப லேசாகத் தெரிந்தது. சண்டைக்குப் போய்விட்டு வந்தவன் பை இவ்வளவு லேசாக இருக்குமா என்று அந்த நிமிஷமே எனக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்துவிட்டது.

நீ சண்டைக்குப் போன விதமும் அப்படி. திருச்சிக்கு வண்டி அச்சு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், கப்பல் படையில் சேர்ந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு கடிதம் கிடையாது. "எழுதுனேன் மச்சான், வந்து சேரலைன்னா நான் என்ன பண்றது?" என்றாய். பெட்டியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். பம்பாய் ஜெயிலில் இருந்தான் என்றார்கள். ஓட்டலில் மாவாட்டினான் என்றார்கள். அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. ஊருக்கு அது வம்பு, பேசிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். எனக்கு அப்படி இல்லை. என் தங்கை தனம் உனக்கு முறைப்பெண். அவளுக்கு வயது பத்தொன்பது. நீ வருவாய் என்று மூன்றரை வருஷமும் வந்த வரன்களைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவன் நான். அந்த மூன்றரை வருஷம் நீ எங்கே இருந்தாய் என்பது தெரியாமல் என் தங்கையை எப்படிக் கொடுப்பேன்?

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை மருதையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காற்று வாங்க என்று நீ நினைத்திருப்பாய். "சண்டை போட்டேன், சண்டை போட்டேன்னு சொல்றியே, எப்படிப் போட்டீங்க, காட்டுடா" என்றேன். குறுக்கு விசாரணைதான் அது. நீ சந்தோஷமாகக் காட்டினாய். கால் பெருவிரலால் மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்து, "இது அரக்கான் கரை. பர்மாவுக்கு மேக்க" என்றாய். கோட்டுக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஜப்பான்காரன். காலி தீப்பெட்டிகள்தான் படகுகள். உங்கள் படகில் முன்பக்கம் முழுக்க ஒரு கதவு இருக்குமாம்; கரை தட்டியதும் அதைக் கீழே இறக்கினால் சிப்பாய்கள் அதன்மேல் நடந்து இறங்குவார்களாம். தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து மடக்கிக் காட்டினாய். சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை. ஜப்பான்காரனின் பீரங்கிக்கு, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தில் கிடைக்குமே, கல்லாய்ப் போன சிப்பி, அதில் ஏழெட்டுப் பொறுக்கி வந்தாய். நான் ஜப்பான்காரன். தாயக்கட்டையை உருட்டி, தாயம் விழுந்தால் உன் படகு ஒன்று போச்சு.

ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. ஞாயிறு தவறாமல் போனோம். ஸ்டேஷனில் ஆள் வைத்துவிட்டுக்கூட வந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எங்கே தடுமாறுகிறாய், போன வாரம் சொன்னதற்கும் இந்த வாரம் சொல்வதற்கும் எங்கே இடிக்கிறது என்று.

இடித்தது ஒரே இடத்தில். முதல் நடை படகுகள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும். இரண்டாவது நடை வருவதற்குள் நீ எழுந்து போய், இழுத்த கோட்டைக் காலால் அழித்துவிட்டு, கடல் பக்கமாக இருபது அடி தள்ளி வேறொரு கோடு போடுவாய். "தண்ணி எறங்கிருச்சு மச்சான். இனிமே சேறுதான்" என்பாய். பிறகு உன் புளியங்கொட்டைகள் அந்தச் சேற்றில் கிடக்கும், நான் உட்கார்ந்த இடத்தில் தாயம் உருட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவேன். நீ தோற்பாய். ஜெயிப்பதற்காகக் கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்பதற்காக ஆடுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலே சந்தேகம் போக வேண்டும் அல்லவா? எனக்குக் கூடியது. இவன் எதையோ மூடி மறைக்கிறான், அதற்காகத்தான் கோட்டை நகர்த்துகிறான் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சமயத்தில் வெயிட்டிங் ரூமில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப் போன ஆங்கிலப் பத்திரிகை எனக்குக் கிடைத்தது. யுத்தம் முடிந்ததைக் கொண்டாடிப் போட்ட பழைய இதழ். அரக்கான் கரையில் படை இறங்கியதைப் பற்றி ஒரு பக்கம், படத்தோடு. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். தளபதி பெயர் இருந்தது, இங்கிலாந்தில் அவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூட இருந்தது. இந்தியக் கப்பல் படை என்று ஒரு வார்த்தை இல்லை. தமிழன் எங்கே இருக்கப் போகிறான். அதைக் கொண்டுவந்து ஆற்று மணலில் உன் முன்னால் விரித்துப் போட்டேன்.

"பாத்தியா, உங்களைப் பத்தி ஒரு வரி இல்லயே?"

நீ படத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். படகில் துப்பாக்கியோடு நிற்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டும் அதில் இருந்தார்கள்.

"அந்தப் படகை ஓட்டுனது யாரு மச்சான்? அது தானா போச்சா?"

நான் பத்திரிகையை மடித்தேன். அப்போதுதான் நீ அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாய். அதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாய்.

"எனக்கு எஞ்சின் வேலை. ஆனா அன்னைக்கு கதவு எறக்குறவனுக்குக் காய்ச்சல், நான்தான் நின்னேன். மொத நடைக்கு மணல் வரைக்கும் போயிட்டோம். முழங்கால் தண்ணி. நல்லா எறங்கிட்டாங்க. ரெண்டாவது நடைக்கு ரோடு போடுற, பாலம் கட்டுற பட்டாளத்து ஆளுங்கள ஏத்துனாங்க. அதுல ஒரு பையன் தமிழ்ல பேசுனான். பெரம்பலூர் பக்கம்னான். 'ஆழம் எவ்ளோண்ணே இருக்கும்?'னு கேட்டான். முழங்கால்தான்டா, தைரியமா எறங்குன்னேன். கதவை எறக்குனேன். அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிருச்சு மச்சான். அத்தனையும் சேறு. நெஞ்சு வரைக்கும் போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கதவைத் தூக்கிட்டுப் பின்னால வந்துட்டேன். மூணாவது நடைக்கு ஆள் ஏத்தணும்ல."

"பையன் என்ன ஆனான்?"

"தெரியல. திரும்பி வந்தப்ப அந்த எடத்துல குண்டு விழுந்துட்டு இருந்துச்சு. அந்தத் தண்ணிக் கோடு எப்ப எங்க இருந்துச்சுன்னுதான் ஒவ்வொரு வாரமும் பாக்குறேன்."

இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் சிரித்தேன். "ஏண்டா, கடலு என்ன நம்ம ஊர் ஏரி மாதிரியா, மதகைத் தொறந்து விட்டதும் வடியறதுக்கு? ஒரு மணி நேரத்துல தண்ணி எங்கடா போகும்?" என்றேன். கடலையே பார்த்திராத நான், கடலில் மூன்று வருஷம் கிடந்த உன்னிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ஏரியும் ஆறும் கிணறும்தான். ஏரி சித்திரையில் வற்றும், ஐப்பசியில் நிரம்பும். காலையில் இருந்த தண்ணீர் மத்தியானம் காணாமல் போய், சாயங்காலம் தானாகத் திரும்பி வரும் என்றால் அரியலூர்க்காரன் எவன் நம்புவான்? நீ தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய்.

அத்தோடு விட்டேனா? ரயில்வே பாஸ் இருக்கிற திமிரில் நேராகக் கடலையே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், அங்கிருந்து தரங்கம்பாடி. வீட்டில் இலாகா வேலை என்று பொய் சொன்னேன். பொய்யைக் கண்டுபிடிக்கப் போகிறவன் சொன்ன பொய்! விடியற்காலையில் கரையில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அந்தக் குச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் இந்த ஆளுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். கடல் சில அடி இறங்கியது, சில அடி ஏறியது. அவ்வளவுதான். வலை காய வைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் கேட்டேன். "ஏறும், எறங்கும், இங்க இவ்ளோதாங்க. ஆனா..." என்று ஏதோ சொல்ல வந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பிய மறுநாளே உன்னைப் பார்த்துச் சொன்னேன். "தரங்கம்பாடிக்குப் போயி கடலைப் பாத்துட்டு வந்தேன். தண்ணி எங்கயும் போகல." நீ என் முகத்தைப் பார்த்தாய். கோபப்படுவாய், சண்டைக்கு வருவாய் என்று எதிர்பார்த்தேன். "சரி மச்சான்" என்று வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாய். வாயடைத்துப் போனான் பார், குற்றமுள்ள நெஞ்சு என்று எனக்குள் ஒரு வெற்றி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இந்தக் கல்யாணப் பேச்சு இனி வேண்டாம் என்றேன். அம்மா அழுதாள். தனம் அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் முழுக்கக் கடலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தியாமே. அதுல அஞ்சு நிமிஷம் அவரு முகத்தைப் பாத்திருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு எட்டு மாசம் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள். தட்டு வைக்கிற சத்தத்தில் அன்றைக்கு அவள் கோபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வேன்.

நீ அந்த எட்டு மாசமும் ரைஸ்மில்லில் எஞ்சின் ஓட்டினாய். இவ்வளவு நன்றாக எஞ்சின் ஓட்ட எங்கே கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. பம்பாயில் ஏதாவது மில்லில் இருந்திருப்பான் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் பட்டணத்துக்குச் சின்ன வெங்காயம் புக் பண்ண வந்தார். மூட்டையின் வாயைப் பிரிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பிரித்தார். "அக்யாப் துறைமுகத்துலகூட இவ்ளோ சோதனை கெடையாதுங்க" என்றார். அக்யாப் அரக்கான் கரையில் இருக்கிற ஊர் என்று அந்தப் பத்திரிகையில் படித்திருந்தேன்; எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு முன்னால் பத்து வருஷம் அரக்கானில் கடை வைத்திருந்தாராம். ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே வந்தவராம். நான் நேராகக் கேட்பேனா? "அங்கயும் கடல் நம்ம கடல் மாதிரிதானே பாய்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அல்லாவே, அத ஏன் கேக்குறீங்க! நம்ம கடல் சாதுங்க. அங்க ஒரு ஆள் ஒசரத்துக்குத் தண்ணி ஏறும், எறங்கும். காலைல படகு கட்டுன எடத்துல மத்தியானம் பாத்தா கண்ணுக்கு எட்டுன தூரம் சேறு. புதுசா போனப்ப நான் வெவரம் தெரியாம எறங்கி, இடுப்பு வரைக்கும் மாட்டிக்கிட்டேன். கயிறு போட்டுத்தான் இழுத்தாங்க."

அப்போதும் எனக்குப் புத்தி வந்ததா? இந்த ஆளை நீதான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாயோ என்று பட்டது. ரைஸ்மில்லில் எஞ்சின் ஓட்டுகிறானே, அவனைத் தெரியுமா என்று நைசாக விசாரித்தேன். "எனக்கு அரியலூர்ல உங்களையே இப்பத்தாங்க தெரியும்" என்றார். ரசீது எழுதும்போது ஊர்ப் பெயரையே மாற்றி எழுதி, கிழித்துப் போட்டு வேறு எழுதினேன்.

அன்றைக்கே மில்லுக்கு வந்தேன். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நெல்லோடு பத்துப் பதினைந்து பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். உன் பக்கத்தில் வந்து மெதுவாக, "நான் செஞ்சது தப்பு மாப்ளே" என்றேன். காதைக் காட்டி, கேட்கவில்லை என்றாய். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்னா?" என்றாய். மூன்றாவது முறை, "நீ சொன்னதெல்லாம் நெசம்டா, நான்தான் மடையன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காத்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நீ எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு மச்சான். கல்யாணத்துக்கு நாளைப் பாரு" என்றாய். முதல் முறை சொன்னபோதே உனக்குக் கேட்டிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கல்யாணம் நடந்தது. தனத்தை நீ ஒரு நாளும் கண் கலங்க விட்டதில்லை. பம்பாயிலிருந்து யாரும் தேடிக்கொண்டு வரவுமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை அதற்குப் பிறகு நீ ஆடவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். பார்த்துவிட்டு, "தோட்டத்துல வேலை கெடக்கு மச்சான்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். நாற்பது வருஷம் என்னோடு சிரித்தாய், சாப்பிட்டாய், என் பிள்ளைகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டாய். யுத்தம் என்ற ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. நீ மன்னிக்கவில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். நீ சிரிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவேன். வெளியூர் போகும்போதெல்லாம் லைப்ரரியில் யுத்தப் புத்தகம் வந்திருந்தால் பின்பக்கத்துப் பெயர்ப் பட்டியலிலிருந்து புரட்டுவேன். தடித்தடிப் புத்தகங்கள். அவை எல்லாவற்றிலும் உங்கள் படகுகள் இன்னும் தானாகவே போய்க்கொண்டிருக்கின்றன. இதை உன்னிடம் சொல்லத் துடித்த நாள் எத்தனையோ. ஆனால் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வேன்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் தனத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடக்க முடியவில்லை. "என்கிட்ட கடைசி வரைக்கும் அந்தச் சண்டையைப் பத்தி அவன் பேசவே இல்லயே" என்று அழுதுவிட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"என்கிட்டப் பேசுவாரே. அந்தப் பெரம்பலூர்ப் பையனை நெனச்சா பேசுவாரு. ஒன்னைப் பத்தியும் சொல்வாரு."

"என்ன சொல்வான்?"

"'சண்டையைப் பத்தி ஊருல எத்தனையோ பேருகிட்டச் சொன்னேன். ஆமா ஆமான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. உங்கண்ணன் ஒருத்தன்தான் அது பொய்யா நெசமான்னு பாக்கக் கடல் வரைக்கும் போனான்'னு சொல்வாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு."

 வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்குள் அந்தப் பழைய பூச்சி ஊர ஆரம்பித்துவிட்டது. இதை நீதான் சொன்னாயா, இல்லை நான் அழுவதைப் பார்த்து அவளாகச் சொன்னாளா? அவள் சின்ன வயதிலிருந்தே அழுகிறவர்களைத் தேற்ற எதையும் சொல்லக்கூடியவள். பேச்சு உன் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. நாற்பது வருஷம் உன்னோடு வாழ்ந்தவளுக்கு உன்னைப் போலப் பேச வராதா? உன் மகள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. அப்பா எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். காலையில் வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போனாள். "வரேன் மாமா" என்றாள். வாய் வரைக்கும் வந்தது.

"போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன். கேட்கவில்லை மாப்பிள்ளை. இனியும் கேட்க மாட்டேன்.